வால்வு செட்டை எடைக்குப் போடலாமா, ரிப்பேர் செய்யலாமா?

பரணில் கிடக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிபயரை ரிப்பேர் செய்யலாமா, காயலான் கடைக்குப் போடலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருக்கிற பவர், அவுட்புட் என்கிற இரண்டு டிரான்ஸ்பார்மரும் உயிரோடு இருக்கின்றனவா? அவை நன்றாக இருந்தால் மற்றது எவ்வளவு கருகியிருந்தாலும் செட்டை எழுப்பிவிடலாம். இரண்டும் போயிருந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் காசு போடாதீர்கள். வால்வு உடைந்திருக்கிறதே, ஒயரை எலி கடித்துவிட்டதே, பெட்டி துருப்பிடித்துவிட்டதே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அவை எல்லாம் இரண்டாம் பட்சம்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழக் காரணம் என் அண்ணன் மகன். செங்கல்பட்டில் படிக்கிறான், கிட்டார் வாசிக்கிறான். என் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, உள்ள ரெண்டு பெரிய வால்வு இருக்கு. இத கிட்டார் ஆம்ப்பா மாத்த முடியுமா?" என்று போன் செய்தான்.

பெரியப்பா உத்திரமேரூர் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அந்த செட் போகும். சித்திரை, வைகாசியில் மூச்சுவிட நேரம் இருக்காது. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா தொடங்கிவிட்டால் மத்தியானம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அத்தனை நாளும் புளியமரத்திலும் பனைமரத்திலும் கட்டிய குழாய் வழியாகத்தான் பாரதம் சொல்கிறவரின் குரல் கழனி வரைக்கும் போய்ச் சேரும். நடவில் இருக்கிற பெண்கள் சேற்றில் நின்றபடியே பாஞ்சாலி சபதம் கேட்பார்கள். அந்தக் குரலை இழுத்துக்கொண்டு போனது இந்தப் பெட்டிதான்.

அந்தக் காலத்து செட் ஒன்றின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு புரியும். பெரியப்பா செட்டின் 40 வாட்ஸ் என்பது இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் குழாய் ஸ்பீக்கர் மிகக் குறைந்த பவரிலேயே உரக்கக் கத்தும். மேடையிலிருந்து ஊர் எல்லை வரை ஒயர் இழுத்தால் ஒயரிலேயே பவர் கரைந்துபோகுமே, அதற்கு என்ன செய்வது? மின்வாரியம் செய்வதையேதான் இங்கேயும் செய்தார்கள். வோல்ட்டை ஏற்றி, கரண்டைக் குறைத்து அனுப்புவது. செட்டின் பின்பக்கம் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். அதனால் மெல்லிய ஒயரிலேயே தெருத் தெருவாகப் பாட்டு போனது.

1940இல் தொடங்கிய டெல்லி கம்பெனியான அகூஜாவின் பெயர் நம் கிராமங்களில் மைக் செட்டுக்கே மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது. அதே காலத்தில் மெட்ராஸில் பாகங்களை வாங்கி உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த செட்டுகளும் நிறைய இருந்தன. பெரியப்பாவுடையது அந்த வகை. பெயர்ப்பலகை இல்லை, ஊதாவும் சாம்பலும் கலந்த பெயின்ட், மூன்று மைக் இன்புட், ஒரு கிராமபோன் இன்புட். உள்ளே இரண்டு இ.எல். 34 பவர் வால்வு, முன்னால் சின்னதாக இ.சி.சி. 83 வகை வால்வுகள். 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெங்களூரு ஜாலஹள்ளியில் வால்வுகளும் செய்தது. பெரியப்பா செட்டில் சின்ன வால்வு ஒன்றின் கண்ணாடியில் 'பெல்' முத்திரை இன்னும் தேயாமல் இருக்கிறது.

கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. லண்டன் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்ப்பைச் செய்தார். பிறகு வந்த மார்ஷல் ஆம்ப்களில் பவர் வால்வாக நிலைத்தது இதே இ.எல். 34. முன்னால் அதே இ.சி.சி. 83. அதாவது ராக் கச்சேரி மேடைக்கும் தீமிதித் திடலுக்கும் அடியில் இருக்கும் சர்க்யூட் கிட்டத்தட்ட ஒன்று. அண்ணன் மகன் கேட்டது வெறும் ஆசை இல்லை. முடிகிற காரியம்தான். அதனால்தான் நானும் இறங்கினேன்.

பெரியம்மாவிடம் கேட்கப் போனபோது அவர் சொன்னது: "உங்க பெரிப்பா கைபட்ட பொருளுடா. எடைக்குப் போட மனசு வரல, அதான் கெடக்குது. அதுக்காகக் காசக் கொட்டாத. ஆவும்னா செய், ஆவாதுன்னா உட்டுடு." ரிப்பேர் முடிவு எடுக்கிற எல்லோருக்கும் இப்படி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய பொருள் மீது வைத்த பாசம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் செத்த பெட்டிக்குக்கூட நாம் செலவு செய்துகொண்டே இருப்போம்.

பெட்டியைக் கீழே இறக்கியதும் பிளக்கில் மாட்டக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பல வருஷம் சும்மா கிடந்த செட்டில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருக்கும். நேராக 230 வோல்ட் கொடுத்தால் அவை ஷார்ட்டாகும், கூடவே பவர் டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். "ஓடுதான்னு பாப்போமே" என்று ஸ்விட்ச் போட்ட அந்தப் பத்து விநாடியிலேயே பிழைத்திருக்க வேண்டிய பல செட்டுகள் செத்திருக்கின்றன.

முதலில் மோந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் வார்னிஷ் கருகிய நாற்றம் வருஷக்கணக்கில் போகாது. எங்கள் செட்டில் அந்த நாற்றம் இல்லை. ஒழுகிய கூரைத் தண்ணீர் ஒரு ஓரமாக இறங்கித் துரு பிடித்திருந்தது. எலி இரண்டு ஒயரைத் தின்றிருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தடிமனான செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது. பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் உள்ளே ஏதோ கரண்டை விழுங்குகிறது என்று அர்த்தம். கம்பி போட்டுவிட்டால் பியூஸுக்குப் பதிலாக டிரான்ஸ்பார்மர் எரியும்.

அடிப்பக்கத்தைத் திறந்தபோது கதை தெரிந்தது. ஒரு பவர் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கெப்பாசிட்டர் லீக். முன் வால்வுக்கும் பவர் வால்வுக்கும் நடுவே உட்கார்ந்து பாட்டை மட்டும் விட்டு டி.சி. வோல்ட்டைத் தடுக்க வேண்டியது அதன் வேலை. அது கசிந்தால் கிரிட்டில் நிற்க வேண்டிய மைனஸ் வோல்ட் குறைந்துவிடும், வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், பிளேட் நெருப்பு மாதிரி சிவக்கும். பியூஸ் போனது அதனால். கம்பி போட்ட பிறகும் அது இழுத்திருக்கிறது. நல்ல வேளையாக அந்த வால்வின் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகி அறுந்துவிட்டது. ஸ்கிரீனுக்கு வோல்ட் போகாவிட்டால் வால்வு ஏறக்குறைய அடங்கிவிடும். இரண்டு ரூபாய் ரெசிஸ்டர் ஒன்று தன்னை எரித்துக்கொண்டு அவ்வளவு பெரிய டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்து மீட்டர். பவர் டிரான்ஸ்பார்மரின் மெயின் சுற்றில் சில ஓம், ஹெச்.டி. என்கிற உயர் வோல்ட் சுற்றில் அதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் நடு முனையிலிருந்து ஒவ்வொரு வால்வின் பிளேட்டுக்கும் தனித்தனியாக ஓம் பாருங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் 62, மறுபக்கம் 71. இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளி அடுக்கில் சுற்றிய பாதிக்குச் சுற்று ஒவ்வொன்றும் பெரியது, கம்பி நீளம் கூடுதல், அதனால் ஓமும் கூடுதல். ஒரு பாதி அறவே காட்டவில்லை என்றால்தான் கம்பி அறுந்திருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சாவதற்கு நம் ஊர்களில் முக்கியக் காரணம் ஒன்று உண்டு. ராத்திரியில் லாரியோ கிளையோ பட்டு ஸ்பீக்கர் லைன் அறுந்துவிடும், செட் பாடிக்கொண்டே இருக்கும். வால்வு செட்டை லோடு இல்லாமல் உரக்க ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்ட் எகிறி இன்சுலேஷனைக் கிழித்துவிடும். டிரான்சிஸ்டர் செட் ஷார்ட்டுக்கு அஞ்சும், வால்வு செட் லைன் அறுவதற்கு அஞ்சும்.

ஓம் சரியாகக் காட்டினாலும் உள்ளுக்குள் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டருக்குத் தெரியாது. அதற்கு 6.3 வோல்ட் ஏ.சி.யை 100 வோல்ட் முனையில் கொடுத்துப் பார்த்தோம். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே சுமார் 25 வோல்ட் வந்தது. நடு முனையிலிருந்து அளந்தபோது இரண்டு பாதியிலும் சமம், சூடும் ஏறவில்லை. இதே 6.3 வோல்ட்டை 8 ஓம் முனையில் கொடுத்தால் பிளேட் பக்கம் நூறு வோல்ட்டுக்கு மேல் போய்விடும், கை வைக்காதீர்கள்.

இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில்தான் சிக்கல் வந்தது. சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே இன்சுலேஷன் ஒரு மெகா ஓம் கூட இல்லை. இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவர். வால்வு செட்டை அவர் தொட்டதே கிடையாது. ஆனால் டிரான்ஸ்பார்மரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எரியலப்பா, நனஞ்சிருக்குது. கெணத்துல முழுகின மோட்டார நாங்க என்னா செய்வோம்? பல்பு போட்டு காய வெப்போம். அதையே செய்" என்றார். மரப்பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மரை வைத்து 100 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டோம். ஈரம் வெளியேற மேலே சிறு இடைவெளி. அவசரமே படவில்லை. இன்சுலேஷன் நாளுக்கு நாள் ஏறி, கடைசியில் நூறு மெகா ஓமைத் தாண்டியது. பிறகு வார்னிஷ் ஊற்றித் திரும்பவும் காயவைத்தார் அந்த அண்ணன். இந்த செட் பிழைத்ததில் பெரும்பங்கு அவருடையது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் ஊரில் இல்லையே என்று நினைக்கிறவர்கள் முதலில் காயில் கட்டுகிற கடைக்குப் போங்கள். ஆனால் ஒன்று: அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அறுந்தே போயிருந்தால் மோட்டார் கடையில் சுற்றக் கொடுக்காதீர்கள். அதில் பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அதற்கென்றே பழகிய கை வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் கரண்ட். அதுவும் சீரீஸ் பல்பு வழியாக. எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, ஹெச்.டி. ஒயரை டயோடிலிருந்து பிரித்துவிட்டு, 60 வாட்ஸ் பல்பை வரிசையில் போட்டு ஸ்விட்ச் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் டிரான்ஸ்பார்மர் நலம். முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எங்கள் பல்பு மின்னி அடங்கியது. அண்ணன் மகன் கத்தியதில் பெரியம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அந்த நொடியில்தான் ரிப்பேர் செய்வது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்குக்கூடப் பாகம் வாங்கவில்லை.

பாகங்களுக்கு செங்கல்பட்டு போய் மின்சார ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெரு. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் அத்தனையும் புதிது, 450 வோல்ட் தாங்குவது. கப்ளிங் கெப்பாசிட்டர் அத்தனையும் புதிது, 630 வோல்ட். கருகிய ரெசிஸ்டர்கள், பி.ஒய். 127 டயோடுகள், பியூஸ் ஹோல்டர், மூன்று பின் பிளக், வால்வு சாக்கெட். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இன்னும் ஓடுகிற பழைய கெப்பாசிட்டரை மட்டும் விட்டுவைக்கலாமே என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். நாற்பது வருஷக் கெப்பாசிட்டர் இன்று ஓடினாலும் அடுத்த கோடையில் போகும், போகும்போது வால்வையும் கூட்டிக்கொண்டு போகும்.

செலவில் பெரியது வால்வுதான். பழைய வால்வைத் தூக்கி எறியும் முன் கண்ணாடியின் உச்சியைப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, முடிந்தது. எங்கள் இ.எல். 34 ஒன்று வெளுத்திருந்தது. சின்ன வால்வுகள் எல்லாம் நலம், அவை சாவது அபூர்வம். பவர் வால்வை ஒற்றையாக மாற்றாமல் ஒரே அளவு கரண்ட் இழுக்கும் ஜோடியாக மாற்ற வேண்டும். இன்று இ.எல். 34 செய்பவர்கள் உலகத்திலேயே சிலர்தான். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சாராடோவ் நகரத்து ஆலை, சீனாவில் சில ஆலைகள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வு வரத்து தடைபட்டு உலகம் முழுக்க விலை ஏறியது. நம் ஊருக்கு வந்து சேரும்போது ஒரு ஜோடிக்குச் சில ஆயிரங்கள் ஆகும். வால்வு கிட்டார் ஆம்ப் ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டுமானால் பல பத்தாயிரங்கள் ஆகும். காயலான் கடைக்காரர் அதே பெட்டிக்குச் சொன்ன விலை ஐநூறு ரூபாய், அதுவும் உள்ளே இருக்கிற செம்புக்காக. இந்த மூன்று தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கிட்டாருக்கு மாற்றுவதில் அதிக வேலை இல்லை. பழைய கிறிஸ்டல் மைக்குக்கான இன்புட், கிட்டாரின் பிக்கப்புக்கும் ஏறக்குறைய பொருந்தும். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சரிசெய்தோம். 100 வோல்ட் லைன் முனையை மூடிவிட்டு 8 ஓம் முனையில் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர். வால்யூம் பாதிக்கு மேல் போகும்போது வால்வு மெல்ல உடைந்து கனமாகப் பேசத் தொடங்குகிறது. டிரான்சிஸ்டர் செட் எல்லை தாண்டினால் சட்டென்று வெட்டிவிடும், வால்வு வளைந்து கொடுக்கும். கிட்டார்காரர்கள் இந்தப் பழைய கண்ணாடிக் குழாயை இன்னும் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

எர்த் பற்றி எழுதாமல் இதை முடிக்க மாட்டேன். மைக் செட்டில் பாடுகிறவர் மைக்கை மட்டும்தான் தொடுகிறார். கிட்டார்காரரோ வாசிக்கிற நேரம் முழுக்க இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், அந்தக் கம்பி ஆம்ப்பின் பெட்டியோடு இணைந்திருக்கிறது. 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்கிற கிட்டார் கலைஞர், ஒரு கையில் கிட்டார் கம்பியும் மறு கையில் எர்த் இல்லாத மைக்குமாக, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். பழைய செட்டுகள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான். சிலவற்றில் மெயின் லைனிலிருந்து பெட்டிக்கு ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, மூன்றாவது பின்னைப் பெட்டியின் இரும்போடு நட்டு போல்ட் போட்டு இறுக்குங்கள். வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை இருந்தால் போதாது, மூன்றாவது ஓட்டையில் நிஜமாகவே எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றில் வருவதில்லை. இதைச் செய்யாத செட்டில் அண்ணன் மகனை நான் வாசிக்க விட்டிருக்க மாட்டேன்.

இந்த செட் திரும்பவும் கோயிலுக்குப் போகுமா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். போகாது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்த பிறகு ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. கூம்புக் குழாய்களையும் போலீஸ் அனுமதிப்பதில்லை. இன்று இதே வேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற எடையில் ஒரு டிரான்சிஸ்டர் செட் செய்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பை மாட்டு வண்டிக்காலம் போலத் தூக்கி அலைய யாருக்கும் அவசியம் இல்லை. கோயில் வேலைக்காக மட்டும் யோசித்திருந்தால் ரிப்பேர் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். யார் வாசிக்கப் போகிறார், எதற்கு என்று தெரியாமல் செய்கிற ரிப்பேர் திரும்பவும் பரணுக்குத்தான் போகும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன். பொருத்தமானது ஒன்று கைக்குக் கிடைத்தால் செய்திருப்பேன். இரண்டும் போயிருந்தால் நிறுத்தியிருப்பேன். நல்ல வால்வுகளையும் சாக்கெட்டையும் கழற்றி, இன்னொரு செட்டை எழுப்ப முயல்கிறவருக்குக் கொடுத்திருப்பேன். பெரியப்பா கைபட்ட பெட்டியை வெறும் பெட்டியாகப் பெரியம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், திருப்புலிவனம் என்று இந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ரேடியோ செட்காரர் ஒருவர் இருந்தார். அவர் பேரனோ பேத்தியோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், எடைக்குப் போடும் முன் பெட்டியைக் கீழே இறக்கி மீட்டரை வைத்துப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் திறங்கள்.